வலிக்கு ஓபியாய்டு எழுதுறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்: புதுசா ஓ.பி.ல உக்கார்ற டாக்டர்களுக்கு

ஹவுஸ் சர்ஜன், பி.ஜி., கிளினிக் போட்டு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்க, பெயின் கிளினிக்ல புதுசா சேந்த நர்ஸ், உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மாசக்கணக்கா வலின்னு வர்றவருக்கு டிரமடால், டபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில் பேட்ச், பூப்ரெனார்ஃபின் பேட்ச்னு ஓபியாய்டு (அபின் மாதிரி வேலை செய்ற வலி மருந்து) எதையாவது எழுதப் போறீங்கன்னா, அந்த மருந்து இவருக்குப் பழக்கமா மாறவோ உயிருக்கே ஆபத்தா முடியவோ எவ்ளோ வாய்ப்பு இருக்குன்னு முன்னாடியே எப்படிக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது, தெரிஞ்சதும் என்ன பண்றது, அவ்ளோதான் விஷயம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இது மனசுல ஏறலைன்னா கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பையும் தப்பா பண்ணிடுவீங்க. யாருக்கு மாத்திரை கிடையாதுன்னு முடிவு பண்றதுக்காக நாம ஸ்க்ரீனிங் (இப்படி முன்கூட்டியே கேட்டுப் பாக்கறது) பண்ணலை. யாரை எவ்ளோ நெருக்கமா பாத்துக்கணும்னு முடிவு பண்றதுக்காகப் பண்றோம். ரிஸ்க் கம்மியா இருக்கறவருக்கு ஒரு மாதிரி பிளான், அதிகமா இருக்கறவருக்கு இன்னும் இறுக்கமான பிளான். ரிஸ்க் அதிகம்னு சொல்லி வலியோட ஒருத்தரை வாசல்லயே திருப்பி அனுப்பினா அவர் வலி போயிடாது, அடுத்த தெருவுல கேள்வி கேக்காம குடுக்கற கடைக்குப் போவார், அங்க அவரை யாரும் பாத்துக்க மாட்டாங்க.

நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கன்னு நினைக்கறவங்களுக்கு: எய்ம்ஸ் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019ல வெளியிட்ட சர்வேல, 10 வயசுலேந்து 75 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல 2.06 சதவீதம் பேர், அதாவது கிட்டத்தட்ட 2 கோடியே 26 லட்சம் பேர், ஏதோ ஒரு ஓபியாய்டு எடுக்கறாங்கன்னு வந்துச்சு, அதுல மெடிக்கல் ஷாப் சரக்கு, அதாவது மாத்திரை, இருமல் சிரப், ஊசி மட்டுமே ஒரு சதவீதத்துக்குப் பக்கம். தமிழ்நாட்டுலயே டபென்டடால் மாத்திரையைத் தண்ணில கரைச்சு ஊசியா போட்டுக்கிட்ட பசங்க கேஸ் பேப்பர்ல அடிக்கடி வருது. இன்னொரு பக்கம் கேன்சர் வலில துடிக்கறவங்களுக்கு மார்ஃபின் கிடைக்காம போறதும் இதே நாட்டுலதான் நடக்குது. ரெண்டையும் சேத்து மனசுல வெச்சுக்கிட்டுதான் பேனா எடுக்கணும்.

1. முதல் கேள்வி: இந்த வலிக்கு ஓபியாய்டு வேணுமா?

ரிஸ்க் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இதை முடிக்கணும், ஏன்னா பாதி பேருக்கு இங்கயே பதில் கிடைச்சிடும். வலி எப்படி இருக்குன்னு அவங்க வார்த்தைலயே சொல்ல விடுங்க. எரியுது, சுர்ருனு ஷாக் அடிக்கற மாதிரி இழுக்குது, மதமதன்னு இருக்குன்னா நரம்பு வலியை யோசிக்கணும், அதுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் மாதிரி மருந்துதான் முதல்ல. நடந்தா முட்டி கடுக்குது, உக்காந்து எந்திரிச்சா பிடிக்குதுன்னா எக்சர்சைஸ், எடை, பிசியோ, தேவைப்பட்டா மூட்டுல ஊசி.

2018ல அமெரிக்காவுல வந்த ஸ்பேஸ் டிரையல்ல நாள்பட்ட முதுகு வலி, இடுப்பு முட்டி தேய்மான வலி இருந்த 240 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, ஓபியாய்டு எடுத்தவங்களுக்கு அன்றாட வேலை செய்யறதுல கூடுதல் லாபம் எதுவும் இல்ல. 2023ல ஆஸ்திரேலியாவுல வந்த ஓபல் டிரையல்ல புதுசா வந்த முதுகு வலி, கழுத்து வலிக்கு ஆக்சிகோடோன் குடுத்துப் பாத்தாங்க, வெறும் டம்மி மாத்திரையை விட நல்லா வேலை செய்யலை. அதனால சாதா முதுகு வலிக்கு எடுத்த உடனே டிரமடால் எழுதுற பழக்கம் இருந்தா அதை முதல்ல நிறுத்துங்க, ஸ்க்ரீனிங் தேவையே வராது.

அப்புறம் வலியோட அளவை எழுதி வைங்க, பெக் ஸ்கேல் போதும், மூணே கேள்வி: போன வாரம் சராசரியா வலி எவ்ளோ, அது உங்க சந்தோஷத்தை எவ்ளோ கெடுத்துச்சு, உங்க வேலையை எவ்ளோ தடுத்துச்சு, ஒவ்வொண்ணும் 0லேந்து 10. பின்னாடி மருந்து வேலை செய்யுதான்னு பாக்கும்போது இந்த நம்பர் இல்லைன்னா கையில ஒண்ணுமே இருக்காது, 30 சதவீதம் குறைஞ்சா உபயோகமான முன்னேற்றம்னு எடுத்துக்கலாம்.

2. ரூமை சரி பண்ணுங்க

இதை யாரும் சொல்லித்தர்றது இல்ல, ஆனா நம்ம ஊர் ஓ.பி.ல இதுதான் பெரிய தடை. பேஷன்ட் பக்கத்துல மாமியார் நிப்பாங்க, பின்னாடி அடுத்த டோக்கன்காரர் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார், நீங்க சத்தமா "தண்ணி போடுவீங்களா?"ன்னு கேட்டா "அய்யோ இல்ல சார்"னுதான் பதில் வரும். கூட வந்தவங்ககிட்ட மரியாதையா, "அம்மா, எல்லார்கிட்டயும் தனியா ரெண்டு கேள்வி கேக்கறது இங்க வழக்கம், கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க, நானே கூப்பிடறேன்"னு சொல்லுங்க. பொம்பளை பேஷன்ட்னா ஒரு நர்ஸ் கூட இருக்கட்டும். வீட்டு ஆளுங்ககிட்டயும் அப்புறம் தனியா பேசணும், பேஷன்ட் அனுமதியோட, ஏன்னா ராத்திரி மூச்சு எப்படி விடறார், எத்தனை மாத்திரை போடறார்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

3. எல்லார்கிட்டயும் கேளுங்க

லுங்கி கட்டிட்டு வந்தவர்கிட்ட மட்டும் கேட்டு, பேங்க் மேனேஜர்கிட்ட கேக்காம விட்டா நீங்க ஸ்க்ரீனிங் பண்ணலை, மூஞ்சியைப் பாத்து ஊகிக்கறீங்க. 2005ல கோர்லே, ஹைட், அல்மஹ்ரெசி மூணு பேரும் யுனிவர்சல் பிரிகாஷன்ஸ்னு ஒரு முறையை எழுதினாங்க, ரத்தம் எடுக்கும்போது எல்லாருக்கும் கிளவுஸ் போடற அதே யோசனை இங்க: யாருக்குப் பழக்கம் ஆகும்னு பாத்த உடனே சொல்ல முடியாது, அதனால அத்தனை பேர்கிட்டயும் ஒரே கேள்வி. இது பேஷன்ட்டுக்கும் கௌரவம். இப்படி ஆரம்பிங்க:

"அண்ணே, இந்த மருந்து வலிக்கு நல்லா கேக்கும், ஆனா சில பேருக்கு விட முடியாத பழக்கமா ஆயிடும், சில பேருக்கு மூச்சு குறைஞ்சிடும். யாருக்கு எப்படின்னு தெரிஞ்சாதான் உங்களுக்குப் பாதுகாப்பா குடுக்க முடியும். அதனால இதை எழுதறவங்க எல்லார்கிட்டயும் சில கேள்வி கேப்பேன். நீங்க என்ன சொன்னாலும் உங்க வலியைப் பாக்கறதை நிறுத்த மாட்டேன்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. அதைக் கேட்ட அப்புறம்தான் பல பேர் வாயைத் திறப்பாங்க.

4. பையைக் கொட்டச் சொல்லுங்க

ஏற்கனவே என்ன போட்டுக்கிட்டு இருக்கார்னு கேட்டா பேர் தெரியாது, "வெள்ளை மாத்திரை, நீட்டா இருக்கும்"பாங்க. வீட்டுல இருக்கற எல்லா ஸ்ட்ரிப்பையும் எடுத்துட்டு வரச் சொல்லி மேஜைல பரப்புங்க. டிரமடால் 37.5 பாரசிட்டமால் 325 சேந்த மாத்திரையைச் சாதா வலி மாத்திரைன்னு நினைச்சு மாசக்கணக்கா போடறவங்க நிறைய பேர் இருக்காங்க, எழுதின டாக்டருக்கே சில நேரம் அது ஓபியாய்டுன்னு தோணாது. கூடவே அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடம் இருக்கான்னு பாருங்க, இருமல் சிரப்ல கோடீன் இருக்கான்னு பாருங்க. வலிக்கு எங்கயாவது அடிக்கடி ஊசி போட்டுக்கறாரான்னு கேளுங்க, பென்டாசோசின் ஊசி பழக்கம் நம்ம நாட்டுல பழைய பிரச்சனை, தொடையிலயும் கையிலயும் தோல் கல்லு மாதிரி இறுகி புண்ணாயிருக்கும், அதனால சட்டைக் கையை மடிச்சுப் பாக்கறதும் பரிசோதனைல சேத்தி.

அமெரிக்காவுல ஒரு பேஷன்ட் எந்த டாக்டர்கிட்ட என்ன வாங்கினார்னு மாநில டேட்டாபேஸ்ல தட்டிப் பாக்கலாம். நமக்கு அந்த வசதி இல்ல. இருக்கறது பழைய சீட்டு, காலி ஸ்ட்ரிப், வீட்டு ஆளுங்க, பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர். டிரமடால் ஷெட்யூல் எச்1ங்கற, தனியா கணக்கு வெச்சு விக்க வேண்டிய மருந்துப் பட்டியல்ல இருக்கறதால கடைக்காரர் டாக்டர் பேர், பேஷன்ட் பேர், எத்தனை குடுத்தார்னு தனி ரிஜிஸ்டர் போட்டு மூணு வருஷம் வெச்சிருக்கணும், 2018 ஏப்ரல்லேந்து அது என்.டி.பி.எஸ்.ங்கற போதைப் பொருள் சட்டத்துக்குள்ளயும் வந்தாச்சு. பேஷன்ட்கிட்ட சொல்லிட்டு, "ஒரே கடைலதான் வாங்கணும், அவர்கிட்ட நான் பேசிக்கறேன்"னு ஏற்பாடு பண்ணிக்கிட்டா அதுவே நமக்கு சின்ன டேட்டாபேஸ்.

5. குடியைப் பத்தி அளவோட கேளுங்க

"குடிப்பீங்களா"ன்னு கேட்டா "எப்பவாவது சார்"னு வரும், அந்த எப்பவாவதை நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு எவ்ளோ, கட்டிங்கா குவார்ட்டரா ஹாஃபான்னு கேளுங்க, நம்ம ஆளுங்க அப்படித்தான் கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருது, 10 கிராம் ஒரு டிரிங்க்னு வெச்சா ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். குடியை அளக்கற ஆடிட்-சி கேள்வித்தாள்ல மூணாவது கேள்வி ஒரே நேரத்துல ஆறு டிரிங்க் அல்லது அதுக்கு மேல எத்தனை தடவைன்னு இருக்கும், அப்ப "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார், அளவா"ன்னு சொல்றவர் அந்தக் கேள்விக்குள்ள நேரா வந்துடறார். இதைத் தெரிஞ்சுக்காம கேள்வித்தாளை மட்டும் மொழிபெயர்த்துக் கேட்டா எல்லாரும் ஜீரோ வாங்கிட்டுப் போயிடுவாங்க.

கடைசியா எப்ப குடிச்சார்னு கேளுங்க. சாயங்காலம் குடிச்சிட்டு ராத்திரி டபென்டடால் போட்டா பழக்கம் ஆகறதுக்கு முன்னாடியே மூச்சு நின்னு போகலாம்.

6. மத்த போதை, குடும்பம்: ஓ.ஆர்.டி. ஸ்கோர்

மத்த விஷயத்துக்கு ஒரே ஒரு கேள்வில ஆரம்பிக்கலாம்: "போன ஒரு வருஷத்துல கஞ்சா மாதிரி எதையாவது எத்தனை தடவை எடுத்திருப்பீங்க, இல்ல டாக்டர் குடுத்த மாத்திரையை வலிக்கோ தூக்கத்துக்கோ இல்லாம வேற ஒரு ஃபீலிங்குக்காக எத்தனை தடவை போட்டிருப்பீங்க?" எடுத்தீங்களா இல்லையான்னு கேக்காம எத்தனை தடவைன்னு கேக்கறது முக்கியம், சொல்றவருக்குக் கூச்சம் குறையும். ஒரு தடவைன்னாலும் பாசிட்டிவ், மேற்கொண்டு பேசணும். ஹான்ஸ், கூல் லிப், பீடி, சிகரெட்டையும் கேட்டு எழுதிக்குங்க.

அப்புறம் ஸ்கோர். லின் வெப்ஸ்டர் 2005ல வெளியிட்ட ஓபியாய்டு ரிஸ்க் டூல், அதாவது ஓ.ஆர்.டி.தான் உலகம் பூரா ஓடிச்சு. அதுல ஆம்பளைக்கு ஒரு மாதிரி மார்க், பொம்பளைக்கு வேற மாதிரி மார்க்குன்னு பிரிச்சிருப்பாங்க, சின்ன வயசுல பாலியல் கொடுமை நடந்துச்சான்னு ஒரு கேள்வி, பொம்பளைங்களுக்கு மட்டும் அதுக்கு 3 மார்க். கொடுமையை அனுபவிச்சதுக்காக ஒருத்தியோட ரிஸ்க் மார்க்கை ஏத்தி அவ வலி மருந்தைக் குறைக்கறதை என்னால ஏத்துக்கவே முடியலை. 2019ல திருத்தி வந்த ஓ.ஆர்.டி.-ஓ.யூ.டி.ல அந்தக் கேள்வியை எடுத்துட்டாங்க, ஆண் பெண் வித்தியாசத்தையும் எடுத்துட்டாங்க. புதுசா கத்துக்கறவங்க இதையே எடுத்துக்குங்க. ஒன்பது விஷயம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க்:

குடும்பத்துல குடிப் பிரச்சனை, குடும்பத்துல சட்டவிரோத போதை, குடும்பத்துல மருந்து மாத்திரைப் பழக்கம், இதே மூணும் பேஷன்ட்டுக்கு இருந்துச்சான்னு தனியா மூணு, வயசு 16லேந்து 45க்குள்ளயா, ஏ.டி.டி., ஓ.சி.டி., பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா இதுல ஏதாவது உண்டா, டிப்ரஷன் உண்டா. 2 வரைக்கும் ரிஸ்க் கம்மி, 3 அல்லது அதுக்கு மேல அதிகம்.

இங்க ஒரு எச்சரிக்கை. "அப்பா குடிப்பாரா?"ன்னு கேட்டா பாதி பேர் ஆமான்னுதான் சொல்வாங்க. அப்பாவோட குடியால வீட்டுல அடிதடி, கடன், வேலை போனது, கல்லீரல் கெட்டது, அட்மிட் பண்ணதுன்னு ஏதாவது நடந்துச்சான்னு கேளுங்க. தீபாவளிக்குக் குடிக்கற பெரியப்பாவுக்கெல்லாம் மார்க் போட்டா ஸ்கோருக்கு மதிப்பே இருக்காது.

இன்னும் விரிவா பாக்கணும்னா சோப்-ஆர்னு 24 கேள்வி உள்ளது இருக்கு, பேஷன்ட்டே எழுதித் தரணும், மார்க் 18 அல்லது அதுக்கு மேல வந்தா கவனம். கூட்டம் நிக்கற ஓ.பி.ல அதை முடிக்க நேரம் இருக்காது, தனி பெயின் கிளினிக்குக்குத்தான் சரிப்படும்.

இந்த ஸ்கோர் எதையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி நம்பாதீங்க. 2019ல இதைப் பத்தின ஆய்வையெல்லாம் ஒண்ணா சேத்து அலசினப்ப, யாருக்குப் பழக்கம் ஆகும்னு நம்பகமா முன்கூட்டியே சொல்ற கருவி எதுவும் இல்லைன்னுதான் வந்துச்சு, அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யோட 2022 வழிகாட்டுதலும் இதே குறையைச் சொல்லுது. அப்புறம் எதுக்குக் கேக்கணும்? நீங்க ஒண்ணையும் மறக்காம இருக்கறதுக்கும், பேஷன்ட்கிட்ட பேச்சை ஆரம்பிக்கறதுக்கும் இதைவிட நல்ல வழி இல்லைங்கறதாலதான். கம்மி ஸ்கோர் வாங்கினவரையும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

7. மனசு

நாள்பட்ட வலியும் டிப்ரஷனும் சேந்தே வரும். டிப்ரஷனைக் கண்டுபிடிக்கற பி.எச்.கியூ.-2 கேள்வித்தாள்ல ரெண்டே கேள்வி: போன ரெண்டு வாரத்துல எதுலயும் இஷ்டம் இல்லாம இருந்துச்சா, மனசு சோர்ந்து போயிருந்துச்சா. மொத்த மார்க் 3 அல்லது அதுக்கு மேல வந்தா, ஒன்பது கேள்வி உள்ள பி.எச்.கியூ.-9க்குப் போங்க. அதுல ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனா தேவலைன்னு தோணுச்சாங்கறது, அதைக் கேக்கத் தயங்காதீங்க, கேக்கறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வராது. ஆமான்னு சொன்னா ஒரு மாச மாத்திரையை மொத்தமா அவர் கையில குடுக்கக் கூடாது, அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட பேசணும், வீட்டு ஆளை உள்ள கூப்பிடணும். அரசோட மனநல உதவி எண் டெலிமனஸ் 14416ஐயும் சீட்டுலயே எழுதிக் குடுங்க.

ஏற்கனவே டிப்ரஷனுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஏதாவது போடறார்னா டிரமடால் எழுதறதுக்கு முன்னாடி நிதானிங்க, செரடோனின் சிண்ட்ரோம் (உடம்புல செரடோனின் அளவு மீறி ஏறி வர்ற ஆபத்து) வரலாம், ஃபிட்ஸ் வரலாம். வலிப்பு நோய் இருக்கறவருக்கு டிரமடால் வேண்டாம்.

8. மூச்சு: இது வேற ரிஸ்க், தனியா பாருங்க

புதுசா வர்றவங்க பழக்கம் ஆகற ரிஸ்க்கையும் ஓவர்டோஸ் ரிஸ்க்கையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. வாழ்க்கைல ஒரு பீடி கூடப் பிடிக்காத, ஓ.ஆர்.டி.ல ஜீரோ வாங்கின 70 வயசு பாட்டிக்கு பழக்கம் ஆகற வாய்ப்பு கம்மி, ஆனா கிட்னி பாதி வேலை செய்யாம, ராத்திரி தூக்க மாத்திரையும் போட்டுக்கிட்டு, குறட்டை விட்டுத் தூங்கற அதே பாட்டிக்கு மார்ஃபின் உயிருக்கு ஆபத்து. அதனால குறட்டை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது (இதைக் கண்டுபிடிக்கற ஸ்டாப்-பேங் எட்டு கேள்வில 3 அல்லது அதுக்கு மேல வந்தா கவனம், 5 அல்லது அதுக்கு மேலன்னா ரொம்ப கவனம்), ஆஸ்துமா, சி.ஓ.பி.டி., கிரியாட்டினின், கல்லீரல், வயசு இத்தனையும் தனிக் கட்டமா எழுதுங்க. கிட்னி கெட்டவருக்கு மார்ஃபினோட கழிவு உடம்புலயே தங்கிடும்.

கூடப் போடற மருந்துதான் இங்க பெரிய வில்லங்கம். ஓபியாய்டோட பென்சோடயசிபின் (அல்பிரசோலம், குளோனசிபாம் வகை) சேந்தா மூச்சு நிக்கலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016லயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சுது, 2019 டிசம்பர்ல கபாபென்டின், பிரிகாபலினுக்கும் மூச்சு பத்தின எச்சரிக்கை வந்துச்சு. நம்ம ஊர்ல டிரமடால், பிரிகாபலின், ராத்திரிக்கு ஒரு அல்பிரசோலம்னு மூணையும் ஒரே சீட்டுல எழுதறது சர்வ சாதாரணமா நடக்குது. தயவு செஞ்சு நீங்க எழுதாதீங்க.

டோஸை மார்ஃபின் கணக்குக்கு மாத்திப் பாருங்க. சி.டி.சி. 2022 கணக்குப்படி டிரமடாலை 0.2ஆலயும் டபென்டடாலை 0.4ஆலயும் பெருக்கணும். டிரமடால் 50 மூணு வேளைன்னா 150ஐ 0.2ஆல பெருக்கினா 30, அதாவது 30 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். டபென்டடால் 50 மூணு வேளைன்னா 60. ஒரு நாளைக்கு 50ஐத் தாண்டறதுக்கு முன்னாடி நின்னு யோசிக்கச் சொல்றாங்க, அப்ப சின்ன டோஸ்னு நாம சாதாரணமா எழுதற டபென்டடாலே அந்தக் கோட்டைத் தாண்டிடுது. இந்தப் பெருக்கல் ரிஸ்க் பாக்க மட்டும்தான், ஒரு மருந்தை நிறுத்திட்டு இன்னொண்ணுக்கு மாத்தறதுக்கு இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

9. யூரின் டெஸ்ட்: பண்ணா புரிஞ்சு பண்ணுங்க

எல்லா ஊர்லயும் கிடைக்காது, கட்டாயமும் இல்ல. பண்ணீங்கன்னா ரெண்டு விஷயம். கார்டுல ஓபியேட்னு போட்டிருக்கற கட்டம் மார்ஃபின், கோடீன், ஹெராயினைத்தான் பிடிக்கும், டிரமடால், டபென்டடால், ஃபென்டனில் அதுல தெரியாது. அதனால டிரமடால் எழுதிக் குடுத்தவருக்கு நெகட்டிவ் வந்துச்சுன்னா "மாத்திரையை வித்துட்டியா"ன்னு பாயாதீங்க. பாசிட்டிவ் வந்தாலும் அவசரம் வேண்டாம், கசகசால மார்ஃபின் துளி உண்டு, குருமாவோ கசகசா பாயாசமோ நல்லா சாப்பிட்டிருந்தா கார்டுல தெரியலாம், இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவுல வேலை இடத்து டெஸ்ட்டோட கட்ஆஃபை 1998ல ஒரு மில்லிக்கு 300லேந்து 2000 நானோகிராமுக்கு ஏத்தினாங்க. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் எடுக்கறவங்க, லெவோஃப்ளாக்சசின் எடுக்கறவங்களுக்கும் சில கிட்ல தப்பா பாசிட்டிவ் வரும். சந்தேகம்னா லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிட்டு அப்புறம் பேசுங்க.

10. ஸ்கோரைப் பிளானா மாத்துறது

ரிஸ்க் கம்மின்னா: குறைஞ்ச டோஸ், உடனே வேலை செய்ற மாத்திரை, முதல் சீட்டு ஒரு வாரத்துக்கு, அப்புறம் ரெண்டு வாரம், நிலைமை சரியா இருந்தா மாசம் ஒரு தடவை.

ரிஸ்க் அதிகம்னா: ஓபியாய்டு இல்லாத வழி எல்லாம் உண்மையிலேயே பாத்தாச்சான்னு திரும்ப ஒரு தடவை கேட்டுக்குங்க. பாத்தாச்சு, வலி தாங்கலை, குடுத்துதான் ஆகணும்னா மூணு நாளைக்கோ அஞ்சு நாளைக்கோ மட்டும், மாத்திரை டப்பா மனைவிகிட்டயோ அம்மாகிட்டயோ, வரும்போது காலி ஸ்ட்ரிப்பைக் கொண்டு வரணும், மனநல டாக்டரும் கூட சேந்து பாக்கணும். பூப்ரெனார்ஃபின் பேட்ச் இங்க நல்ல யோசனை, மூச்சைக் குறைக்கறதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, ஆனா சாராயமோ தூக்க மாத்திரையோ சேந்தா அந்தப் பாதுகாப்பு போயிடும். இதெல்லாம் உங்க கிளினிக்ல முடியாதுன்னா பெயின் கிளினிக்குக்கு அனுப்புங்க, வெறும் சீட்டைக் குடுக்காம போன் பண்ணிப் பேசி அனுப்புங்க.

ரெண்டு பேருக்கும் பொதுவா: எத்தனை மாத்திரைன்னு எண்ணுலயும் எழுத்துலயும் எழுதுங்க, 10ஐ 100 ஆக்கறது ரொம்ப சுலபம். வீட்டுல காலேஜ் போற வயசுல பசங்க இருக்காங்களான்னு கேட்டு, டி.வி. மேல வைக்காம பீரோல பூட்டி வைக்கச் சொல்லுங்க, மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுங்க. எழுப்பினா எந்திரிக்கலை, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, கண்ணுமணி குண்டூசி மாதிரி சுருங்கியிருக்குன்னா உடனே 108க்கு அடிக்கணும்னு வீட்டு ஆளுக்கு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிக் குடுங்க, உங்க கிளினிக் எமர்ஜென்சி டிரேல நாலக்சோன் (ஓபியாய்டுக்கு மாத்து மருந்து) ஆம்பியூல் காலாவதி ஆகாம இருக்கட்டும்.

ஒப்பந்தம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கறாங்க பல இடத்துல. நானும் வாங்கறேன், ஆனா மிரட்டல் பத்திரம் மாதிரி இருக்கக் கூடாது. ஒரே டாக்டர், ஒரே கடை, சொன்ன அளவு, யாருக்கும் குடுக்கக் கூடாது, குடிச்ச அன்னிக்கு போடக் கூடாது, இதுக்குப் பதிலா நான் என்ன செய்வேன்னும் அதே பேப்பர்ல இருக்கணும். முக்கியமா எப்ப நிறுத்துவோம்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க: "நாலு வாரத்துல நடக்கறது, தூங்கறது கொஞ்சமாவது தேறலைன்னா இது உங்களுக்குச் சரிவராத மருந்து, மெதுவா குறைச்சிடலாம்."

11. திரும்ப வரும்போது

ஒவ்வொரு தடவையும் வலி எவ்ளோ, என்ன வேலை செய்ய முடியுது, மலச்சிக்கல் தூக்கக் கலக்கம் இருக்கா, சொன்னபடிதான் போடறாரா, மனசு எப்படி இருக்கு, இவ்ளோதான், ரெண்டு நிமிஷம். காம்னு 17 கேள்வித்தாள் இதுக்குன்னே இருக்கு, போன 30 நாளைப் பத்திக் கேக்கும், மார்க் 9 அல்லது அதுக்கு மேல வந்தா கவனம்.

சீட்டு தொலைஞ்சு போச்சு, மாத்திரை சிங்க்ல விழுந்துடுச்சு, நாள் முன்னாடியே தீந்துடுச்சுன்னு வந்தா உடனே திருடனா பாக்காதீங்க. வலி கூடியிருக்கலாம், டோஸ் பத்தாம இருக்கலாம், மகன் எடுத்திருக்கலாம், தூக்கம் வராம ரெண்டு போட்டிருக்கலாம், பழக்கம் ஆகியிருக்கலாம். "என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, சேந்து பாக்கலாம்"னு கேட்டாதான் எதுன்னு தெரியும். ஒரு தடவைன்னா குறிச்சு வைங்க, திரும்பத் திரும்ப நடந்தா நாள் எண்ணிக்கையைக் குறைங்க, மனநோய்களைக் கண்டறியற கையேடான டி.எஸ்.எம்.-5ல இருக்கற பட்டியலை எடுங்க: 11 அறிகுறி, ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது இருந்தா ஓபியாய்டு பழக்க நோய். நீங்க எழுதினபடியே சரியா போடறவருக்கு டோஸ் ஏத்த வேண்டி வர்றதும், நிறுத்தினா உடம்பு உதறறதும் அந்தக் கணக்குல சேராது, இதைத் தெரியாம எத்தனையோ பேருக்கு அடிக்ட்னு முத்திரை குத்திடறாங்க.

12. பழக்கம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா

ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. 2019 ஏப்ரல்ல எஃப்.டி.ஏ. இதைத்தான் எச்சரிச்சுது, திடீர்னு நிறுத்தினவங்களுக்கு தாங்க முடியாத வலி, மன உளைச்சல், தற்கொலை எண்ணம் வரைக்கும் வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல எடுத்தவருக்கு மாசத்துக்கு 10 சதவீதம், இல்ல அதைவிட மெதுவா குறைக்கலாம். பழக்க நோயாவே ஆயிருந்தா அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, பூப்ரெனார்ஃபின் சிகிச்சை, கவுன்சிலிங், மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுலயே போதை மீட்பு ஓ.பி. இருக்கான்னு விசாரிங்க, சென்னைல 1980லேந்து டி.டி.கே. ஹாஸ்பிட்டல் இதுக்குன்னே நடக்குது, மத்திய அரசோட உதவி எண் 14446.

போலீஸ் வரும்னு பயந்துதான் பல பேர் வாயைத் திறக்கறது இல்ல. என்.டி.பி.எஸ். சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு, தானா முன்வந்து அரசு நடத்தற இல்ல அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுக்கறவருக்கு, எடுத்துக்கிட்ட குற்றத்துக்கும் சின்ன அளவு வெச்சிருந்த குற்றத்துக்கும் வழக்குலேந்து பாதுகாப்பு குடுக்குது. இதை அவர்கிட்டயும் வீட்டு ஆளுங்ககிட்டயும் எடுத்துச் சொல்லுங்க.

கேன்சர் வலின்னா

இதே கேள்விகளைக் கேளுங்க, ஆனா பதிலுக்காக மார்ஃபினைத் தள்ளிப் போடாதீங்க. அன்னிக்கே ஆரம்பிங்க, ஸ்க்ரீனிங் கூடவே நடக்கட்டும். குடிப்பழக்கம் இருந்த கேன்சர் பேஷன்ட்டுக்கும் வலி அதே வலிதான், அவருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்து குடுக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, குடுக்காம விடாதீங்க. 2014ல என்.டி.பி.எஸ். சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறும் அத்தியாவசிய நார்க்காட்டிக் மருந்தாயிடுச்சு, அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரி முன்ன மாதிரி அஞ்சாறு லைசென்ஸுக்கு அலைய வேண்டியது இல்ல. உங்க ஆஸ்பத்திரிக்கு அந்த அங்கீகாரம் இருக்கான்னு இந்த வாரமே பார்மசில கேளுங்க. இல்லைன்னா மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி சூப்பரிண்டெண்ட்கிட்ட எழுதிக் குடுங்க, அது வர்ற வரைக்கும் பக்கத்துல எங்க மார்ஃபின் இருக்குன்னு ஒரு லிஸ்ட் எழுதி ஓ.பி. மேஜைக் கண்ணாடிக்கு அடில வெச்சுக்குங்க.